சக்கரத்தடியில் வைத்த கல்

ஏற்றத்தில் நின்றுபோன ஜீப்புக்குப் பின்சக்கரத்தின் பின்னால் கல் வைக்க வேண்டும். போடியில் மலை வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். ஒன்பது வயதில் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் முன்னால் வைத்தேன்.

அது காலாண்டு விடுமுறை. அம்மாவும் அக்காவும் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். என்னை வீட்டில் தனியே விட முடியாது என்று உடன் கூட்டிப்போனார்கள். ஒரு ஜீப்பில் பதினாறு பேர். எண்ணியது நான்தான், எண்ணுகிற பழக்கம் அப்போதே இருந்தது. மூன்றாவது வளைவில் இன்ஜின் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார்கள். அக்காவுக்குப் பதினைந்து வயது. நடுவில் நின்று தள்ளினாள். வண்டி நகரவில்லை. மூச்சு வாங்க அப்படியே நின்றார்கள். டிரைவருக்கு இறங்கி இன்ஜினைப் பார்க்க வேண்டியிருந்தது, கைப்பிரேக் பிடிக்காது. சும்மா நின்ற என்னைப் பார்த்து, "பாப்பா, அந்தக் கல்லத் தூக்கிச் சக்கரத்துக்கு வையி" என்றார்.

இரண்டு கையாலும் தூக்கிப்போய் வைத்தேன்.

"வச்சாச்சா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டார்.

"வச்சாச்சு" என்றேன்.

அவர் மிதித்திருந்த பிரேக்கை விட்டார். ஜீப்பு நான்கடி பின்னால் வந்து ரோட்டோரக் கல்கட்டில் மோதி நின்றது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். அக்காவின் இடது முழங்கால் மட்டும் பம்பருக்கும் கல்கட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா என் முதுகில் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது கட்டிலில் கால்கட்டுடன் படுத்திருந்த அக்கா, "ஆத்தா, அவள அடிக்கிறத விட்டுட்டு எனக்குக் காப்பி கொண்டா. காப்பி வச்சாச்சா?" என்றாள். பிறகு அவளே என் குரலில், "வச்சாச்சு!" என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடி நின்றது.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வேடிக்கை. நான் உலை வைத்தாலும் விளக்கு வைத்தாலும் யாராவது ஒருவர், "வச்சாச்சா? எந்தப் பக்கம் வச்ச?" என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த பிறகு என் கணவரும் கற்றுக்கொண்டார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சொல்லை மறுபடி நான் சொன்னதில்லை. 'வைத்துவிட்டேன்' என்று புத்தகத்தில் இருப்பதுபோலச் சொல்லிச் சமாளிப்பேன். பள்ளிக்கூடத்து டீச்சர் அப்படித்தான் பேசுவாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு என்ன பயம் என்பதை நானே புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. மலைப்பயம் என்றார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நாளுக்குப் பிறகு குரங்கணி வரைக்கும் பஸ்சில் போனதுண்டு. அதற்கு மேல் ஓரடி வைத்ததில்லை. ஆனால் பயம் மலையோடு நிற்கவில்லை. என் கணவர் ஃபேன் மாட்ட ஸ்டூலில் ஏறினால், ஸ்டூலைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுவேன். அக்காவுக்குப் பையன் பிறந்தபோது அவனை நின்றபடி தூக்கியதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியை விரித்து, "இப்பக் கொடு" என்பேன். என் ஒரு சொல்லை நம்பி இன்னொருவர் தன் பிடியை விடக்கூடாது. என் பயம் அதுதான்.

எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற வழக்கமும் அப்படி வந்ததுதான். நான் கணக்கு டீச்சர்; மதிப்பெண் பதிவேட்டில் என் பக்கங்களில் அடித்தல் திருத்தல் இருக்காது. தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதெல்லாம் நடந்து முடிந்தவற்றைச் சரிபார்ப்பது, யாருக்கும் ஆபத்தில்லை.

அக்காவின் கால் குணமாயிற்று. ஆனால் சற்று இழுத்து நடப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் காப்பித் தட்டோடு நடந்து வருவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான்கு பேர் அப்படிப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவர் மலைமேலே இரண்டு ஏக்கர் ஏலம் வைத்திருந்தவர். "மேட்டுல நாங்க எல்லாருமே அப்படித்தான் நடப்போம்" என்றாராம். அவர்தான் என் மச்சான். அக்கா மலைக்குக் குடிபோனாள். மாதம் ஒருமுறை ஜீப்பில் இறங்கி என்னைப் பார்க்க வருவாள். நான் ஒருமுறைகூட அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒருநாளும் அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது நடந்தபோது, எங்கள் பள்ளியின் என்.சி.சி. மாணவர் படைக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியை மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த பொறுப்பாசிரியை கிடைக்காவிட்டால் பிரிவையே வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். பீரோவில் மடித்து வைத்த சீருடைகளோடு பிள்ளைகள் தலைமையாசிரியை அறை வாசலில் வந்து நின்றார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இதுல பாதி வேலை ரிஜிஸ்டர்தான். உங்க அளவுக்கு ரிஜிஸ்டர் எழுத இங்க யாரு இருக்கா?" என்றார். பதிவேடு வேலை என்று நம்பித்தான் சம்மதித்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் வடக்கே போய் இரண்டு மாதத்துக்கு மேல் ராணுவப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று தெரிந்தது.

என் கணவர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறார். காய்களைச் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிப்பதில் அவருக்கு இணையில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏழு மில்லிமீட்டர் காய எட்டு மில்லிமீட்டர் சல்லடையில போட்டா என்ன ஆகும் தெரியும்ல?" என்றார்.

"என்ன ஆகும்?"

"கீழ விழுந்துரும். விழுந்தா என்ன, நான் பொறுக்கிக்கிறேன். போயிட்டு வா."

பயிற்சி நிலையத்தில் எங்கள் குழுவில் பத்துப் பேர். எல்லோரும் ஆசிரியைகள், நான்தான் மூத்தவள். காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். முதல் வாரம் என் பூட்ஸ் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. மூன்றாவது வாரம் பத்துப் பேருடைய சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டது. அன்று நாட்குறிப்பில் இரண்டு வரி கூடுதலாக எழுதினேன்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. என் ஜோடி, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஊர் ஒன்றில் ஆசிரியை. என்னைவிட எட்டு வயது இளையவள். எடையில் என்னைப்போல் ஒன்றரை மடங்கு. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பாள். எனக்கு இந்தி தெரியாது; பயிற்சியாளர் சொல்வதைத் தமிழும் மலையாளமுமாக என் காதில் சொல்வது அவள்தான்.

"சேச்சி, எங்க மலை உச்சியில நின்னா உங்க போடி லைட்டு முழுசும் தெரியும். நீங்க அங்க வந்து நின்னு பார்த்திட்டுண்டோ?"

"இல்ல."

"எந்தா சேச்சி இது! மலைக்குத் தாழ இருந்துட்டு மலைக்கு வந்திட்டில்லையா?"

அவளிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். அதை நான் வாய்விட்டு முழுதாகச் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கல்லு என்ன வெயிட்டு இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது வயதுப் பெண் தூக்கக்கூடிய எடை என்றேன்.

ஆறாவது வாரம் கயிற்றில் இறங்கும் பயிற்சி தொடங்கியது. மூன்று மாடி உயரச் சுவர். ஒருவர் இடுப்புப் பட்டையின் வளையத்தில் கயிற்றைக் கோத்து, அதைப் பற்றிச் சுவரில் கால் ஊன்றி மேலிருந்து இறங்குவார். கீழே ஒருவர் அதே கயிற்றின் நுனியைப் பிடித்து நிற்பார். இறங்குகிறவர் கை நழுவினால், கீழே நிற்பவர் கயிற்றைக் கீழ்நோக்கி இறுக்கி இழுக்க வேண்டும். வளையத்தில் கயிறு இறுகி, இறங்குகிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். இழுக்காவிட்டால் தரைதான். மேலே இருப்பவர் விளிம்பில் நின்று "தையார்?" என்று கத்திக் கேட்பார். கீழே இருப்பவர் "தையார்!" என்று பதில் சொன்ன பிறகுதான் கால் எடுப்பார்.

முதல் நாள் அதைக் கேட்டதுமே எனக்கு வேறு இரண்டு சொற்கள் கேட்டன. தயாரா, தயார். வச்சாச்சா, வச்சாச்சு.

இறங்குவதற்கு எனக்குப் பயமில்லை. இரண்டாவது ஆளாக இறங்கினேன். பயிற்சியாளர் கையைத் தட்டினார். விழுந்தால் நான்தானே விழப்போகிறேன் என்று நினைத்தால் கால்கள் தாமாகவே நடந்தன. கீழே நின்று கயிறு பிடிப்பதுதான் என்னால் ஆகாது. அங்கே நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் குழுவில் கையெழுத்து நன்றாக இருந்ததால் யார் எப்போது இறங்குவது, யார் கயிறு பிடிப்பது என்ற பட்டியலை எழுதும் வேலை என்னிடம் இருந்தது. நான்கு நாளில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் ஒரு முறையாவது கயிறு பிடித்திருக்க வேண்டும். நான் கோடு போட்டு, கட்டம் கட்டி, அழகாக எழுதினேன். என் பெயர் கயிறு பிடிக்கிற வரிசையில் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டேன். நேரம் குறிப்பவர் என்ற இடத்தில் என் பெயர் அடிக்கடி வந்தது.

நான்காம் நாள் மத்தியானம் பயிற்சியாளர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். அவர் இமயமலைப் பக்கத்து ஊர்க்காரர், ஹவில்தார், முப்பது வயது இருக்கலாம். அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சேச்சி," என் ஜோடி உதட்டை அசைக்காமல் சொன்னாள், "ஆளு பிடிச்சுட்டாரு."

இதை எழுதியது யார் என்று கேட்டார். கையை உயர்த்தினேன். ராணுவத்தில் பத்து ஆண்டாக இருக்கிறேன், இவ்வளவு ஒழுங்காக ஏமாற்றிய ஒருவரைப் பார்த்ததில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து, காலியாக இருந்த என் ஒன்பது கட்டத்திலும் அன்றைய தேதியைப் போட்டார். ஒன்பது பேரும் இன்றைக்கே என் கயிற்றில் இறங்குவார்கள்.

முதலில் ஒரு மெலிந்த பெண். மேலே விளிம்பில் நின்று "தையார்?" என்றாள். நான் கையுறை மாட்டியிருந்தேன். கயிறு சரியாகத்தான் இருந்தது. கால்களும் சரியாகத்தான் ஊன்றியிருந்தன. எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். வாய் மட்டும் திறக்கவில்லை. அவள் மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டலை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அங்கேயே நின்றாள்.

உஸ்தாத் என் ஜோடியிடம், இவருக்கு என்ன என்று கேட்டார். அவள் எனக்குப் புரியாத இந்தியில், கைகளால் ஜீப்பை உருட்டிக் காட்டி, முழங்காலைத் தட்டிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் அதை எனக்குச் சொன்னாள்: "கல்லு வச்சதுக்கு அப்புறம், வேற யாராவது வந்து பார்த்தாங்களான்னு கேட்கிறாரு."

இல்லை என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

 அவர் நேராக என்னிடம் வந்தார். என் கையில் இருந்த கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். குனிந்து என் கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். கையுறையின் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். பிறகு இரண்டடி தள்ளி நின்று, மேலே பார்த்து விரலை நீட்டினார். இப்போது சொல்லுங்கள் என்று அர்த்தம்.

என் பாஷையிலேயே முதலில் எனக்குச் சொல்லிக்கொண்டேன், சத்தமாக: "ஆள் மேலே. விழுந்தால் கீழே வரும். நான் கீழ்ப்பக்கம் இழுக்க வேண்டும்." பிறகு "தையார்!" என்றேன். அவள் கால் எடுத்தாள்.

ஒன்பதாவது ஆள் என் ஜோடி. "சேச்சி, விழுந்தா என்னைத் தூக்க இங்க கிரேன் இல்ல, பிடிச்சுக்கோணும்" என்று மேலிருந்து கத்தினாள். பாதிச் சுவரில் அவளுடைய வலது கால் வழுக்கியது. உடம்பு திரும்பி, தோள் சுவரில் இடித்து, பிடி விட்டது. நான் யோசிக்கவில்லை. முழு எடையோடு கயிற்றைக் கீழே இழுத்து அப்படியே குந்திவிட்டேன். தலைக்கு மேலே அவள் ஆடிக்கொண்டு தொங்கினாள்.

"சேச்சி?"

"இருக்கேன்."

"விட்டுடாதே."

"விடல. நீ கால ஊனு. மெதுவா."

அவள் தரையில் இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் சேர்ந்து விழுந்தோம். கையுறையைக் கழற்றிப் பார்த்தேன்; இரண்டு உள்ளங்கையிலும் சிவப்புக் கோடு. அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒன்பது பேரும் நடந்து போனார்கள்."

ஊர் திரும்பிய பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. பிள்ளைகளுக்கு அணிவகுப்புக் கற்றுக்கொடுத்தேன். கொடி கட்ட வாட்ச்மேன் அண்ணன் ஏறியபோது ஏணியைப் பிடித்தேன். ஒருநாள் என் கணவர் ஸ்டூலில் நின்று பல்பு மாட்டிக்கொண்டே, "அண்ணே, கெட்டியாப் பிடிங்க" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "ஏய், நீயா பிடிச்சிருக்க? சொல்லக் கூடாதா? நான் தைரியமால்ல நின்னுட்டேன்" என்றார். ஆனால் மலை அப்படியே இருந்தது. தினமும் பள்ளி மைதானத்தில் நிற்கும்போது மேற்கே அதைப் பார்ப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்றரை வருடம் போயிற்று.

அக்காவின் முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது. மாதம் ஒருமுறை வந்தவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாள். பிறகு வரவில்லை. கால் தொங்கினால் வலி. உயரமாக எதன்மேலாவது தூக்கி வைத்துக்கொண்டால்தான் உட்கார முடியும். மதுரையில் டாக்டர், இனி தள்ளிப்போட்டால் நடக்க முடியாமல் போய்விடும், முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றார். நாள் குறித்துக் கொடுத்தார். அக்கா வர மாட்டேன் என்றாள். ஆபரேஷன் என்றால் அவளுக்குப் பயம்.

மச்சான் போன் செய்தார். "ஆத்தா, உங்க அக்காகூட மல்லுக்கட்ட என்னால ஆகல. உலர்த்துற ஸ்டோர்ல காய் காயுது. நெருப்ப விட்டுட்டு நான் அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாது. நீ ஒரு வார்த்தை சொல்லு." போனை அக்காவிடம் கொடுத்தார்.

"ஏக்கா, வெரசாக் கிளம்பு. நாள் குறிச்சாச்சு."

"நீ மேல வா. வந்து கையப் பிடிச்சுக் கூப்பிடு. வர்றேன்" என்றாள் அக்கா. குரலில் சிரிப்பு இருந்தது. நான் வர மாட்டேன் என்ற தைரியத்தில் வைத்த நிபந்தனை அது. நான் போனோடு வாசலுக்கு வந்து மேற்கே மலையைப் பார்த்தேன். "சரிடி, சும்மா சொன்னேன்..." என்று அவள் தொடங்கியபோது, "நாளைக்குக் காலையில வர்றேன்" என்றேன்.

மறுநாள் ஆறரை மணிக்குக் குரங்கணியில் ஜீப்பில் ஏறினேன். காய் எடுக்கப் போகிற பெண்களோடு நெருக்கி உட்கார்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"டீச்சரு தூங்குறாகளா, சாமி கும்பிடுறாகளா?" என்றாள் ஒருத்தி.

"பட்டாளத்து டீச்சருத்தா அவுக. எங்க மவளுக்கு அவுகதான் பரேடு சொல்லித் தர்றாக. லெப்ட் ரைட்டுன்னு சொல்லு, கண்ணத் திறப்பாக" என்றாள் இன்னொருத்தி. திறந்துவிட்டேன்.

மூன்றாவது வளைவை எண்ணிக்கொண்டே இருந்தேன். அது வந்தது. சிமென்ட் போட்டிருந்தார்கள். கல்கட்டு அதே இடத்தில் பாசி பிடித்து நின்றது. ஜீப்பு நிற்கவே இல்லை; ஒரு மூச்சில் ஏறிப் போய்விட்டது. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா வாசலில் ஸ்டூலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். "இருக்கா, இரு" என்று ஓடினேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நான் போகாத வீட்டுக்குள் போனேன். ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த சாமான்கள். நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கடிகாரம், எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் தைத்து மிச்சமான பூப்போட்ட திரை, மூடி மாறிப்போன சம்படம். அதனுடைய மூடி என் வீட்டில் இருக்கிறது. மாதாமாதம் நான் கொடுத்தனுப்பியதையெல்லாம் எனக்குத் தெரியாத ஒரு வீட்டில் அவள் ஒழுங்காக வைத்திருந்தாள். சமையலறை ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். கீழே, புகைபோன்ற வெயிலில் போடி தெரிந்தது.

"அந்தா, அந்த வெள்ளைச் சுவரு தெரியுதா? அதான் உன் பள்ளிக்கூடம். பதினோரு மணிக்கு வெயில் பட்டா மின்னும். அப்ப நீ கிளாஸ்ல இருப்பன்னு நெனச்சுக்கிடுவேன்."

அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை ஜீப்பின் முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில், அக்காவை உட்கார வைத்தோம். கால் வைக்க உயரம் இல்லை. ஒரு துணி மூட்டையை வைத்தோம், அது நசுங்கிவிட்டது. பின்னால் உலர்ந்த காய் மூட்டைகள், இரண்டு பெண்கள், நான். மச்சான் ஸ்டோர் வாசலில் நின்று கையசைத்தார். மறுநாள் மதுரைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

மூன்றாவது வளைவுக்குச் சற்று மேலே ரோட்டின் குறுக்கே ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து கிடந்தது. வண்டி மூக்கைக் கீழே வைத்து நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தபடி, "லோடு வண்டி, கைப்பிரேக்கு நிக்காது. யாராச்சும் இறங்கிக் கல்லப் போடுங்க, நான் கிளைய வெட்டணும்" என்றார். மற்ற இரண்டு பெண்களும் முந்தானையைச் செருகுவதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

கல் ரோட்டோரம் கிடந்தது. தூக்கினேன். வண்டிக்கு முன்னால் வந்து நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

"வண்டி இறக்கத்தில். உருண்டால் முன்னால் வரும். கல் முன்னால்" என்று சத்தமாகச் சொன்னேன். இடது முன்சக்கரத்தின் முன்னால் கல்லை வைத்து, காலால் உதைத்து இறுக்கினேன்.

முன்னால்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அந்த நாளுக்கு முன் நான் மலைக்குப் போனதே இல்லை. தினமும் சாயங்காலம் அம்மாவும் அக்காவும் இறங்கி வருகிற ஜீப்புக்காக அடிவாரத்து இறக்கத்தில் காத்து நிற்பேன். ஜீப்பு வந்து நிற்கும். யாராவது குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் கல் வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் இறங்குவார்கள். கல் வைப்பதை நான் பார்த்ததெல்லாம் அங்கேதான். நூறு தடவை இறக்கத்தில் பார்த்ததைத்தான் அன்றைக்கு ஏற்றத்தில் செய்தேன்.

"வச்சாச்சா?" என்றார் டிரைவர்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் குனிந்து, சக்கரத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"வச்சாச்சு" என்றேன்.

"நானும் பாத்துட்டேன். விடுங்க தம்பி" என்றாள் அக்கா.

அவர் பிரேக்கை விட்டார். வண்டி ஒரு விரற்கடை முன்னால் வந்து, கல்லில் சாய்ந்து நின்றது.

அவர் கிளையை வெட்டுகிற நேரத்தில் அக்காவின் ஜன்னலருகே நின்று அடிவாரத்து ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். கண் கலங்கியது. "இத யோசிக்க உனக்கு முப்பத்திநாலு வருசமா? கணக்கு டீச்சரு!" என்றாள். பிறகு என் கையை எடுத்து உள்ளங்கையைத் தடவினாள். "மதுரையில என்னைய உள்ள கொண்டுபோற வரைக்கும் பக்கத்துலயே இருப்பல்ல?"

"இருப்பேன்."

கிளை நகர்ந்தது. டிரைவர் ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "டீச்சர், கல்ல எடுத்து உள்ள போட்டுருங்க, கீழ இன்னொரு எடத்துலயும் வேணும்" என்றார். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இடமில்லை. அக்காவின் காலடியில் வைத்தேன். அவள் நசுங்கிய துணி மூட்டையைத் தள்ளிவிட்டு, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தக் கல்லின்மேல் வைத்துக்கொண்டாள்.

"உசரம் சரியா இருக்குடி" என்றாள். "ஏறு, போவோம்."